அடியில் ஒரு காற்புள்ளி

மார்ச் 3, 2011, வியாழன்

மின்கட்டண ரசீது வந்தது. இந்த மாதமும் என்னைத் துருக்கிக்காரி ஆக்கிவிட்டார்கள்.

துர்கானு! என் பெயர் த்ஸுர்கானு. வெதூரியா த்ஸுர்கானு. எங்கள் ருமேனிய எழுத்தில், T-க்கு அடியில் ஒரு காற்புள்ளி. அது இருந்தால் நீள ரோமச் செம்மறி ஆடு. அதை எடுத்துவிட்டால் துருக்கிக்காரன். நாங்கள் ஆடு மேய்த்த குடும்பம். ஆடாகவே இருந்துவிட்டுப் போகிறோமே, இவர்களுக்கு என்ன வந்தது? அறுபத்திரண்டு வயதில் எத்தனை ரசீது, எத்தனை சான்றிதழ், எத்தனை மருந்துச் சீட்டு! ஒருவராவது ஒரு காற்புள்ளி போட்டிருக்கிறார்களா? சிமென்ட் ஆலையில் முப்பது வருடம் வரைபடங்களுக்கு எழுத்து எழுதியவள் நான். என் பெயரை மட்டும் மொட்டையாகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரவருக்குத் தலையெழுத்து என்றால் எனக்கு அடியெழுத்து.

இலாரியே தூண்டிலை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குக் கிளம்பியபடியே கேட்டார்: “ஒரு புள்ளிக்கு ஏம்மா இந்தக் குதி குதிக்கிற? கரன்ட் வருதுல்ல?”

புள்ளி இல்லை. காற்புள்ளி. நாற்பது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதர்.

மார்ச் 4

பள்ளியின் தலைமையாசிரியர் தொப்ரோத்தா வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கு நூறு வயதாகிறதாம். அங்கே பாடம் நடத்திய எல்லா ஆசிரியர்களின் பெயரையும் ஒரே பெரிய தாளில், கையால், அழகாக எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள். தொண்ணூற்று நான்கு பேர். ஜூன் 10 விழா. “உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு மேடம் இருக்கா?” என்றார். உண்மைதான், யாரும் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

பட்டியலை வைத்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் அடித்தது. தொண்ணூற்று நான்கு பெயர், ஒரு குறி கிடையாது! ஒன்றுகூட! தலையில் கிண்ணம் வைத்த a இல்லை, கூரை போட்ட a இல்லை, காற்புள்ளி இல்லவே இல்லை. கணக்கு வாத்தியார் ரட்ஸா, பாவம் நல்ல மனிதர், அவர் பெயருக்கு வாத்து என்று பொருள். பட்டியலில் அவர் ‘தவணை’ ஆகிக் கிடக்கிறார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரைக் கடைசியில் தவணையாக்கி மாட்டப் போகிறார்களாம்.

இதில் இரண்டு வியாதி. ஒன்று மொட்டை. இன்னொன்று அதைவிட மோசம், கொக்கி. நம் S, T எழுத்துகளின் அடியில் காற்புள்ளி தனியாக நிற்க வேண்டும், தொடக் கூடாது. நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளிதான் எழுத்து. கம்ப்யூட்டர்காரர்கள் என்ன செய்தார்கள்? நம் எழுத்து அவர்கள் பெட்டியில் இல்லை என்று, வேறு யாருடையதோ ஒரு எழுத்தை எடுத்துப் போட்டார்கள். எழுத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தொங்குகிற ஒரு கொக்கி! யாருடையதோ, எனக்கென்ன. பதினைந்து வருடமாக நாடு முழுக்கக் கொக்கி. பத்திரிகையில், பேருந்தில், கல்லறையில்கூட. பார்க்கும்போதெல்லாம் சட்டையில் ஒட்டின பசையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 14, திங்கள்

பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதி முடித்தால் அடங்கும்.

தொப்ரோத்தா சொன்னார்: “லிஸ்ட்ல இருக்கிறபடியே எழுதிடுங்க மேடம். குறியெல்லாம் யாரு பாக்கப் போறா? பாதிப் பேர் செத்தே போயிட்டாங்க.”

“செத்தவங்க பாக்க மாட்டாங்க சார். அவங்க புள்ளைங்க பாப்பாங்க.”

“குறி இல்லாட்டி வரிய இன்னும் நெருக்கலாம், எல்லாம் ஒரே தாள்ல அடங்கும்னு பாத்தேன்.”

மேல்வரியின் g வால் கீழ்வரியின் கிண்ணத்தில் இடிக்காமல் எழுதுவது என் கவலை, அவருக்கு எதற்கு? அதையும் சொன்னேன். கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது. “பேரு உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. அவங்க பேரு. அவங்க எப்படி எழுதுவாங்களோ அப்படித்தான் எழுதணும். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க!” அலுவலகத்தில் தட்டச்சு நின்றுபோயிற்று.

கைகளை மேலே தூக்கினார். “சரி மேடம், சரி. நீங்களே ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் சொல்லி எழுதி வாங்கிக்கோங்க.”

வாங்குவேன். தொண்ணூற்று நான்கு வீட்டுக்கும் கடிதம் போடுவேன். அவரவர் கையால் அவரவர் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரட்டும். செத்தவர்களுக்கு அவர்கள் வீட்டார்.

மார்ச் 19

சந்தைக்குப் போனவள் நேயாசியின் கடையில் நின்றேன். தாத்தார் இனத்துக்காரர், நம் தெருவுக்கே அவர் கடைதான். கறி வைத்து எண்ணெயில் பொரித்த ஷுபெரெக், சூடாக. தின்றுகொண்டே தலையை நிமிர்த்தினால் கடைப் பலகையில் S-க்கு அடியில் கொக்கி! பசியே போய்விட்டது.

“நேயாசி, இது என்ன அசிங்கம்? இந்த நாட்டுல இருந்துகிட்டு ஒரு எழுத்த ஒழுங்கா எழுதத் தெரியாதா?”

“எங்கப்பா எழுதுன போர்டுக்கா அது. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தியே இருக்கு.”

“உங்கப்பாவுக்கும் தெரியலன்னு சொல்லு.”

அவர் சிரித்தார். “அக்கா திட்டுனா மழை பேஞ்ச மாதிரி. இந்தாங்க, இன்னொன்னு சாப்பிடுங்க.”

தின்றேன். ஆனால் விடவில்லை. பலகையை மாற்றும்வரை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 29, செவ்வாய்

சீட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இலாரியே தபால்காரர் மாதிரி மேசையில் அடுக்கி வைக்கிறார். கணக்கு வாத்தியார் ரட்ஸாவின் மகள் நீல மையில் எழுதியிருக்கிறாள், காற்புள்ளியும் கிண்ணமும் அட்சர சுத்தம். அடியில் ஒரு வாத்துப் படம் வேறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

இசை ஆசிரியை ஒருவர் ஹங்கேரிக்காரர். அவருடைய o-வின் தலையில் இரண்டு புள்ளி இல்லை, இரண்டு சாய்ந்த கீற்று. புள்ளி வைத்தால் வேறு ஒலி. க்ளூஜ் நகரத்தில் இருக்கிற அவர் தங்கைக்குத் தொலைபேசி போட்டு, சாய்வு எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று கேட்டேன். “இத்தன வருஷத்துல யாரும் இதக் கேட்டதே இல்லங்க” என்றாள் அந்த அம்மாள். பெருமையாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

வேதியியல் ஆசிரியை குல்ஷென் அப்துரமானின் சீட்டும் வந்தது. இந்த ஊர்த் துருக்கியர். முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். அடையாள அட்டையில் யாரோ ஒரு குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி அவர் பெயரை நம் எழுத்தில் நீட்டி முழக்கி வைத்திருக்கிறான். சீட்டில் அவர் தன் வழக்கப்படி எழுதியிருக்கிறார்: Gülşen. u-வின் தலையில் இரண்டு புள்ளி. தலைமையாசிரியர் இதற்கும் முரண்டு பிடித்தார். “அட்டையில இருக்கிறதுதான் மேடம் பேரு!” அட்டையாம் அட்டை. அட்டையில் நானும்தான் துருக்கிக்காரி. இரண்டு புள்ளிக்காக இருபது நிமிடம் தொலைபேசியில் கத்தி வாங்கிவிட்டேன்.

ஆனால் பாவம், S-க்கு அடியில் கொக்கி போட்டிருக்கிறார். படித்த மனுஷிக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வியாதி தொற்றிவிட்டது. பரவாயில்லை, எழுதும்போது சரி செய்துவிடுகிறேன்.

ஏப்ரல் 11

தொடங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பெயர், அதற்கு மேல் கை கேட்காது. பட்டைப் பேனாவின் முனை மூன்று மில்லிமீட்டர். காற்புள்ளிக்கு மட்டும் சின்ன முனை. முதலில் எழுத்து. அது காய்ந்த பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் காற்புள்ளி. தலை கனம், வால் மெலிவு, நடுவில் இடைவெளி.

ஏப்ரல் 23, ஈஸ்டருக்கு முந்தின நாள்

முட்டைக்குச் சாயம் ஏற்றி விரலெல்லாம் சிவப்பு. தாள் பக்கமே போகவில்லை.

மே 9

முடித்தேன். தொண்ணூற்று நான்கு. ஒரு மொட்டை இல்லை, ஒரு கொக்கி இல்லை.

இலாரியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இத்தன எறும்பையும் வரிசையில நிக்க வெச்சுட்டியே” என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பாராட்டு இவ்வளவுதான்.

மே 20, வெள்ளி

சட்டம் போடுவதற்கு முன்னால், உயிரோடு இருக்கிற ஆசிரியர்களைப் பள்ளிக்கு அழைத்துத் தாளைக் காட்டினோம். எல்லாரும் தங்கள் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒருவர் முத்தமே கொடுத்தார் என் கைக்கு.

குல்ஷென் டீச்சர் கடைசியாக வந்தார். நரைத்த கட்டை முடி, கையில் துணிப்பை. நாற்பத்தோராவது வரி. குனிந்து பார்த்தார். “ரெண்டு புள்ளியும் அழகா இருக்கு. சண்ட போட்டு வாங்கினீங்கன்னு கேள்விப்பட்டேன்” என்றார். நான் உச்சி குளிர்ந்து நின்றேன். பிறகு இன்னும் குனிந்தார்.

“S-க்குக் கீழ நான் எழுதிக் குடுத்தது இது இல்லையே மேடம்.”

“அது தப்பா இருந்துச்சு டீச்சர். சரி பண்ணிட்டேன்.”

“தப்பா?”

“கொக்கி போட்டிருந்தீங்க. கம்ப்யூட்டரால எல்லாருக்கும் வர்ற தப்புதான். காற்புள்ளிதான் சரி.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு… சரி, எழுதுகிறேன். அவர் சொன்னது இது: “முப்பத்தி நாலு வருஷம் வருகைப் பதிவேட்டுல என் பேர சரி பண்ணிச் சரி பண்ணித்தான் எழுதுனாங்க. நீங்களும் சரி பண்ணிட்டீங்க.” துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தொப்ரோத்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “விடுங்க மேடம், நீங்க எழுதுனதுதான் சரி” என்றார். அந்த ஆள் என் பக்கம் பேசுவது இதுதான் முதல் தடவை.

மே 21

தூக்கமில்லை.  என்ன தைரியம்! அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தினவள் நான். அந்த இரண்டு புள்ளியை வேறு யார் வைத்திருப்பார்கள்? நன்றி கிடையாது. இது ருமேனியா. இங்கே S-க்கு அடியில் காற்புள்ளி. ஆளுக்கொரு வால், ஆளுக்கொரு கொக்கி என்று எழுதினால் எழுத்து என்று ஒன்று எதற்கு?

இலாரியேவிடம் கொட்டினேன். தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, அந்த ஹங்கேரி டீச்சருக்கு மட்டும் க்ளூஜுக்கு ஃபோன் போட்டுக் கேட்ட. இவங்க ரெண்டு தெரு தள்ளித்தான இருக்காங்க?”

“அது வேற, இது வேற!”

என்ன வேறு? 

மே 23, திங்கள்

சீட்டைத் தேடி எடுத்தேன். அவர் மறந்துபோய் என் மேல் பழி போடுகிறார் என்று நிரூபிக்கத்தான் தேடினேன், பொய் சொல்வானேன்.

பென்சிலில் எழுதியது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். S-இன் வளைவு இறங்கி, கையை எடுக்காமல், அப்படியே கொக்கியாகச் சுழன்று நிற்கிறது. ஒரே இழுப்பு. சின்ன வயதிலிருந்து எழுதி எழுதிப் பழகின கை. எந்தக் கம்ப்யூட்டரும் இப்படி எழுதாது. இது வியாதி இல்லை. இது அவர் எழுத்து. அவர் மொழியில் அந்தக் கொக்கிதான் எழுத்து, காற்புள்ளிதான் தப்பு.

மார்ச்சில் எழுதின பக்கத்தைத் திருப்பினேன். ‘வேறு யாருடையதோ ஒரு எழுத்து. யாருடையதோ, எனக்கென்ன.’ என் கையெழுத்துதான். பதினைந்து வருடம் அந்தக் கொக்கியைத் திட்டினேன். யாருடையது என்று ஒருநாள் கேட்டேனா? துருக்கிக்காரி, துருக்கிக்காரி என்று இந்த நாட்குறிப்பிலேயே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், ஏதோ வசவு மாதிரி! கம்ப்யூட்டர்காரன் அவர்கள் எழுத்தைக் கொண்டுவந்து என் பெயரில் ஒட்டினான். நான் என் எழுத்தைக் கொண்டுபோய் அவர் பெயரில் ஒட்டினேன். அவனுக்காவது பெட்டியில் எழுத்து இல்லை. எனக்கு என்ன கேடு? சீட்டு கண்முன்னால் இருந்ததே, பாவி!

மே 24

நேயாசி கடைக்குப் போனேன். அங்கே அதைவிடக் கொடுமை. புதுப் பலகை! பளபளவென்று மஞ்சள் வண்ணம். ஷுபெரெக்கின் S-க்கு அடியில் கச்சிதமாக ஒரு காற்புள்ளி.

“உங்களுக்காகத்தான் மாத்துனேன்க்கா! இனிமே திட்ட மாட்டீங்கல்ல?” முகமெல்லாம் பல்.

“பழைய பலகை எங்க?”

“உள்ள கிடக்கு. மாவுப் பலகையா வெச்சிருக்கேன்.”

“அதையே எடுத்து மாட்டு நேயாசி. உங்க தாத்தார் மொழியிலயும் கொக்கிதான், உங்கப்பா எழுதுனதுதான் சரி. நான்தான் வாய்க்கு வந்தபடி உளறிட்டேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அக்கா, ஏதாவது ஒரு முடிவுக்கு வாங்க. மாட்டுறவனுக்கு ரெண்டு தடவ சொல்ல முடியாது.” பிறகு எண்ணெயிலிருந்து ஒன்றை எடுத்துத் தாளில் வைத்துக் கொடுத்தார். தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து இலாரியேவிடம் கொடுத்தேன்.

மே 25, புதன்

காலை வெயில் சமையலறை மேசைக்கு வந்ததும், பள்ளியிலிருந்து திரும்ப வாங்கி வந்த தாளை விரித்தேன். நாற்பத்தோராவது வரி.

புதிதாக எழுத வேண்டியதே இல்லை. காற்புள்ளியின் தலையை S-இன் வயிற்றோடு சேர்க்க ஒரு கோடு. நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற அந்த மயிரிழை இடைவெளியை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். வாலைக் கொஞ்சம் இடப்பக்கம் வளைக்க வேண்டும். மை ஊறினால் தாளே போச்சு, தொண்ணூற்று நான்கு பேரும் போச்சு, விழாவுக்குப் பதினாறு நாள்தான். இலாரியே தும்மல் வருகிறதென்று வாசலுக்கு ஓடினார்.

முதலில் கழிவுத் தாளில் இருபது தடவை போட்டுப் பார்த்தேன். கை மறுக்கிறது. இவ்வளவு வருடம் தொடாதே, தொடாதே என்று பழக்கிவிட்டுத் திடீரென்று தொடு என்றால்? கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

போட்டேன். ஊறவில்லை.

ஜூன் 10, வெள்ளி

மண்டபம் நிறைந்துவிட்டது. திரையை விலக்கியதும் கைதட்டல். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இத எழுதுனது நம்ம வெதூரியா துர்கானு மேடம்!” துர்கானு! சரி, போகட்டும். அதோடு நிறுத்தினாரா? தாளை ஒட்டினாற்போல நின்று பார்த்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு. “மூணு மாசமா எனக்குக் காற்புள்ளிப் பாடம் எடுத்தாங்க மேடம். இங்க பாருங்க, நாப்பத்தோராவது வரி. அவங்களே கொக்கி போட்டிருக்காங்க!”

மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த ஊரில் எனக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான்: எழுத்தில் தப்புப் பண்ணாதவள்.

எழுந்தேன். ஒலிபெருக்கி எனக்கு வேண்டாம்.

“அது தப்பு இல்ல சார். முதல்ல நான் போட்டிருந்த காற்புள்ளிதான் தப்பு. டீச்சர் அவங்க பேர அவங்க கையால எழுதிக் குடுத்தாங்க. நான் பெரிய மேதாவி மாதிரி அதத் திருத்தினேன். இப்ப இருக்கிறதுதான் அவங்க பேரு. சிரிக்கிறவங்க என்னப் பாத்துச் சிரிங்க, அந்த எழுத்தப் பாத்துச் சிரிக்காதீங்க!”

யாரோ இருமினார்கள். தலைமையாசிரியர் வாழ்த்துச் செய்தி வாசிக்கப் போய்விட்டார்.

குல்ஷென் டீச்சர் மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லாரும் கேக் தின்னப் போன பிறகு தாளுக்கு முன்னால் நின்றார். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு விரலை வைத்து எதையோ எழுதுகிற மாதிரி இழுத்தார். என்னைப் பார்த்தார். தலையை அசைத்தார்.  நானும் தலையை அசைத்தேன்.

எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதிலும் துர்கானுதான். அடுப்பு மூட்ட ஆகும்.

ஜூன் 14, செவ்வாய்

இலாரியே கால்வாயிலிருந்து வந்தவர் மீனை விட்டுவிட்டுத் தபாலை முதலில் நீட்டினார்.

“இந்தா. இந்தத் தடவ நீ ஆடுதான்.”

உறையின் மேல் பென்சிலில் என் பெயர். Veturia Țurcanu. கையைத் தூக்கி, இடைவெளி விட்டு, தனியாக ஒரு காற்புள்ளி. பழகாத கை என்று தெரிகிறது. ஒருமுறை போட்டு அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். உள்ளே ஒரே வரி: நேரமிருந்தால் தேநீருக்கு வாருங்கள்.

வியாழக்கிழமை குல்ஷென் டீச்சர் வீட்டுக்குப் போகிறேன். நேயாசி கடையில் ஆறு ஷுபெரெக் சொல்லியாயிற்று.